மின்மினியும் கடற்புழுவும்

பட்டு நெய்யும் ஆரணிப் பக்கம் 'மின்' என்று ஆரம்பித்தாலே கரண்டுதான் ஞாபகம் வரும். மின்வாரியம், மின்கட்டணம், மின்தறி. ஜவ்வாது மலையடிவாரப் படவேட்டிலும் அதே பொருள்தான். ஆனால் இந்தச் சொல் மின்சாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது நேற்று முன்தினம். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் 'மின்' என்றால் ஒளிவிடுவது, குறிப்பாக வானத்து மின்னல். விண்மீனில் உள்ள 'மீன்'கூட இந்த வேரில் பிறந்ததே என்பாருண்டு. வேரை இரட்டித்துச் சற்றே குழைத்தால் மின்மினி. நற்றிணைக் குறிஞ்சிப் பாட்டு ஒன்றில் மலைநாட்டார் மின்மினி வெளிச்சத்தில் மேகத்தின் போக்கைப் பார்க்கிறார்கள். வடமொழியிலிருந்து வந்த 'கத்தியோதம்' நிகண்டைத் தாண்டி ஊருக்குள் வரவே இல்லை.

பட்டும் மின்னுகிறது, பூச்சியும் மின்னுகிறது என்கிறோம். பட்டின் மினுமினுப்பு இரவல் ஒளி. பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். மேலே விழும் வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டால் கல்யாணப் பட்டும் கறுப்புத் துணிதான். மின்மினியோ இருட்டில் தானே ஒளியை உண்டாக்கிக்கொள்கிறது.

எப்படி என்று காட்டியவர் ரஃபேல் டுபுவா என்ற பிரெஞ்சு அறிஞர். 1885இல் ஒளிரும் வண்டு ஒன்றிலும், 1887இல் பாறையைத் துளைத்து வாழும் ஒரு சிப்பியிலும் சோதனை செய்தார். ஒளிரும் உறுப்பைக் குளிர்ந்த நீரில் நசுக்கினால் சாறு ஒளிர்ந்து, பிறகு அணைந்துபோனது. வெந்நீரில் நசுக்கிய சாறு தொடக்கத்திலேயே இருண்டு கிடந்தது. இருண்ட இரண்டையும் ஆறிய பின் கலந்தார், ஒளி திரும்பியது! வெந்நீரில் தாக்குப்பிடித்த எரிபொருளுக்கு லூசிபெரின் என்றும், சூட்டில் கெட்டுப்போகும் நொதிக்கு லூசிபெரேஸ் என்றும் பெயர் வைத்தார். லூசிபர் என்றால் ஒளி ஏந்தி. லத்தீனில் விடிவெள்ளியின் பெயர்.

பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. குழப்பமும் கூடவே வந்தது. ஆரணியில் சாயம் என்பது ஒரே பொருளா? நூலுக்கு நிறம் ஏற்றுவதெல்லாம் சாயம். லூசிபெரினும் அப்படித்தான்: அது வேலையின் பெயர், பொருளின் பெயரன்று. மின்மினியின் லூசிபெரின் எரிய ஆக்சிஜன், மெக்னீசியம், உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூன்றும் வேண்டும். ஏடிபியின் பங்கை 1947இல் கண்டவர் அமெரிக்காவின் வில்லியம் மெக்எல்ராய். பால்டிமோர்ச் சிறுவர்கள் நூறு மின்மினி பிடித்துவந்தால் கால் டாலர் கொடுத்தாராம்.

கடற்புழுவின் கதை வேறு. ஓடொன்டோசில்லிஸ் என்ற புழுக்கூட்டம் பெர்முடா கடலில், முழுநிலவுக்குப் பிந்தைய இரவுகளில், பொழுது சாய்ந்து ஒரு மணிநேரத்துக்குள் மேலே வருகிறது. பெண்புழு வட்டமடித்தபடி பச்சை ஒளிவிடும் கோழையைக் கக்கும். அதைப் பார்த்து ஆண்கள் பாய்ந்து வரும். 1492இல் கொலம்பஸ் கடலில் கண்ட மர்ம வெளிச்சம் இந்தப் புழு இனம்தானோ என்று ஓர் ஊகம் உண்டு. ஜப்பானின் டோயாமா வளைகுடாவில் வாழும் இதன் உறவுக்காரப் புழுவின் லூசிபெரேஸ் 2018இல் அறியப்பட்டது, லூசிபெரின் 2019இல். மூன்று கந்தக அணுக்களைக் கொண்ட மூன்று வளைய மூலக்கூறு. மின்மினியின் பொருளோடு எந்தச் சொந்தமும் கிடையாது. சைபீரிய மண்ணில் ஃபிரிடெரிசியா என்ற புழு இருக்கிறது. அதுவும் மின்மினி மாதிரியே ஏடிபியும் மெக்னீசியமும் கேட்கிறது. 2014இல் அதன் லூசிபெரினைப் பிரித்துப் பார்த்தால் சரக்கு முற்றிலும் புதிது. கீட்டாப்டெரஸ் என்ற குழாய்ப்புழு நீல ஒளியாகக் கோழை சிந்துகிறது; டோமாப்டெரிஸ், கடலில் அபூர்வமான மஞ்சளை வீசுகிறது. ஒளி என்ற ஒரே வேலையை உயிர்கள் தனித்தனியே, பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரை அலைகள் நீலமாக ஒளிர்ந்ததே, அது புழுவின் வேலையன்று. நாக்டிலூகா என்ற ஒற்றை உயிரணு உயிரின் வேலை.

தமிழில் 'உயிரொளிர்வு' என்ற சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது, நல்ல சொல். பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும்: 'லூசிபெரின் என்ற வேதிப்பொருள்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த உயிரின் லூசிபெரின் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.