கூரையில் காய்த்த டாலர்

கூரையில் சோலார் பலகை வைத்தால் கரண்ட் பில் குறையும், தெரிந்ததுதான். ஆனால் அமெரிக்காவின் நியூஜெர்சியில் அதே கூரையிலிருந்து இரண்டாவதாக ஒரு வருமானமும் வந்தது. கரண்டை விற்று அல்ல, ஒரு சான்றிதழை விற்று!

1999ல் அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் அதில் ஒரு பங்கைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து காட்ட வேண்டும். 2004ல் சூரிய சக்திக்கென்றே தனிச் சான்றிதழ் வந்தது. கணக்கு எளிது. உங்கள் கூரை 1000 யூனிட் உற்பத்தி செய்தால் ஒரு சான்றிதழ். கரண்டை நீங்களே பயன்படுத்திக் கொள்ளலாம், சான்றிதழை மட்டும் தரகர் மூலம் விற்கலாம். (விற்றுவிட்டால் 'நான் பசுமை மின்சாரம் பயன்படுத்துகிறேன்' என்று பெருமையடிக்கும் உரிமையும் வாங்கியவருக்குப் போய்விடும். இது பலருக்குத் தெரியாது!)

நிறுவனங்கள் ஏன் வாங்க வேண்டும்? வாங்காவிட்டால் அபராதம். குறைகிற ஒவ்வொரு சான்றிதழுக்கும் முதலில் 300 டாலர், பிறகு 2009ம் ஆண்டுக் கணக்கில் 711 டாலர். ஆக அபராதம்தான் விலைக்கு உச்சவரம்பு. சரக்கு பற்றாக்குறையாக இருந்ததால் விலை அந்த வரம்பை ஒட்டியே நின்றது. 2010ல் ஒரு சான்றிதழ் 600 டாலருக்கு மேல். ஆண்டுக்கு 10 சான்றிதழ் கிடைக்கிற வீட்டுக்கு 6000 டாலர்! கடன் வாங்கிப் பலகை போட்டவர்கள் இந்த வருமானத்தை நம்பித்தான் தவணை கணக்கிட்டார்கள்.

அங்கேதான் வினை. தேவை சட்டத்தில் எழுதி வைத்த எண். 2011 ஜூன் முதல் 2012 மே வரையிலான ஆண்டுக்கு 442 கிகாவாட் மணி, அதாவது 4,42,000 சான்றிதழ், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுகூட யாருக்கும் தேவையில்லை. ஆனால் சப்ளைக்கு வரம்பு இல்லையே? பலகை விலை சரிந்தது, மத்திய அரசின் 30 சதவீத வரிச்சலுகை இருந்தது, சான்றிதழ் விலையோ ஆசை காட்டியது. வெயிலில் கலிபோர்னியாவுடன் போட்டியே போட முடியாத இந்தச் சின்ன மாநிலம் சோலாரில் அதற்கு அடுத்த இடத்துக்கு வந்தது. விளைவு, 2012ல் விலை 100 டாலருக்கும் கீழே போனது. 6000 எதிர்பார்த்தவர் கையில் 1000கூட இல்லை. தவணை மட்டும் குறையவில்லை.

எங்கள் பொருளாதார வகுப்பில் தேவைக்கோடு சாய்ந்துதான் இருக்கும். இங்கே அது செங்குத்தாக நின்றது. ஒரு அடி தாண்டினால் பள்ளம்!

2012 ஜூலையில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 2013 ஜூனில் தொடங்கும் ஆண்டிலிருந்து தேவை முன்பு திட்டமிட்டதைப்போல இரு மடங்குக்கும் மேலானது. இன்னொன்றும் செய்தார்கள், எனக்குப் பிடித்தது அதுதான். அதன்பின் உற்பத்தியாகும் சான்றிதழின் ஆயுளை 5 ஆண்டாக்கினார்கள். அடிமாட்டு விலைக்கு விற்காமல் பொறுத்திருந்தவர்கள், விலை மீண்டும் 200 டாலரைத் தாண்டியபோது விற்க முடிந்தது. தவணை கட்ட அவசரமாகப் பணம் தேவைப்பட்டவர்களுக்கு அந்தப் பொறுமைக்கு வழியில்லை.

2018ல் வந்த சட்டம் இந்தச் சந்தைக்கு முடிவு குறித்தது. மாநிலத்தில் விற்கும் மின்சாரத்தில் 5.1 சதவீதம் சோலார் ஆனதும் புதியவர்களுக்குக் கதவு மூடப்படும் என்றது. 2020 ஏப்ரல் 30ல் மூடியது. 2021ல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் வீட்டுக்கூரைகளுக்குச் சந்தை விலை கிடையாது. தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு சான்றிதழுக்கு 90 டாலர், 15 ஆண்டுகளுக்கு மாறாமல்.