மன்றோவின் படிவமும் நூலக அலமாரியும்

ஆங்கிலேயர் பள்ளி திறப்பதற்கு முன் சென்னை மாகாணத்தில் யார் யார் படித்தார்கள் என்று கேட்டால், இன்று இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. எல்லாச் சாதியாரும் படித்திருந்த நாட்டை வெள்ளைக்காரன் தற்குறியாக்கிவிட்டான் என்பது ஒன்று. பார்ப்பனரையும் அவரை அடுத்திருந்த சிலரையும் தவிர எவரும் ஏட்டைத் தொட்டதில்லை என்பது மற்றொன்று. முதல் தரப்பு 1822-இல் தொடங்கிய ஒரு கணக்கெடுப்பை மேற்கோள் காட்டுகிறது. இரண்டாம் தரப்பு அதைப் பெரும்பாலும் புரட்டிப் பார்ப்பதில்லை. இந்த வழக்கு நெடுங்காலம் சான்றின் வலுவைக்கொண்டு நடந்ததாகத் தெரியவில்லை. எந்தத் தாள் அச்சேறி நூலக அலமாரிக்கு வந்தது, எது கச்சேரிக் கட்டுகளில் முடங்கியது என்பதே அதன் போக்கை முடிவுசெய்தது. முடங்கிக் கிடந்தவை அச்சான பிறகோ, அந்தத் தாளின் கட்டங்களே நம் கேள்வியை வகுக்கத் தொடங்கின.

மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் மாதம் ஒரு குறிப்பு எழுதி, நாட்டின் கல்வி நிலை பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் தகவல் திரட்டச் சொன்னார். கூடவே ஒரு படிவமும் போயிற்று. பிராமணர், வைசியர், சூத்திரர், மற்றச் சாதியார், முசல்மான்கள் எனக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆண், பெண் என்று பிரிவு. விடைகள் வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்தன. கனரா மாவட்டத்து ஆட்சியர் முழுக் கணக்கை அனுப்பவே இல்லை. 1826 மார்ச்சில் மன்றோ தொகுத்தபோது மாகாண மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகளும் உயர்கல்விக் கூடங்களும் 12,498, மாணவர் 1,88,650 என்று வந்தது. மாணவரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பள்ளிக்குப் போனார் என்று கணக்கிட்ட மன்றோ, வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால் அது மூன்றில் ஒன்றை நெருங்கும் என்றார். சென்னை நகரில் பள்ளியில் படித்தவர் 5,523 பேர் என்றால், வீட்டில் படித்தவர் 26 ஆயிரத்துக்கும் மேல் என்று கணக்கு வந்திருந்தது. அந்த எண்ணில் ஏதோ பிழை இருக்கலாம் என்று அவரே எழுதியும் வைத்தார். அந்த எச்சரிக்கையைப் பிற்காலத்தார் அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவற்றில் அச்சானது எது? பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கும்பெனி விவகாரங்களை ஆராய்ந்தபோது, 1832-இல் வெளியான தொகுதிகளில் மன்றோவின் குறிப்புகளும், பல்லாரி ஆட்சியர் ஏ.டி. காம்ப்பெல் 1823-இல் அனுப்பிய நீண்ட அறிக்கையும் இடம்பெற்றன. பிற ஆட்சியர்களின் விடைகள் பெரும்பாலும் வருவாய் வாரியத்தின் கையெழுத்துக் கோப்புகளிலேயே தங்கின. ஆகவே நூறாண்டுக்கு மேல் தென்னாட்டுப் பள்ளி என்றால் ஆய்வாளருக்குப் பல்லாரிதான். பல்லாரியோ சென்னை மாகாணத்துக்குப் பொருத்தமான மாதிரியே அல்ல. ஒன்பதேகால் லட்சம் மக்களுக்கு 533 பள்ளிகள், 6,641 மாணவர். ஆயிரத்துக்கு ஏழு பேர்கூட இல்லை. அந்த 533-இல் கன்னடப் பள்ளி 235, தெலுங்கு 226, தமிழ் வெறும் 4. மாகாணத்தின் மெலிந்த ஓரத்தை வைத்து முழு உடலின் எடையை ஊகித்திருக்கிறார்கள். ஆனால் காம்ப்பெல் எழுதியதில் மிகக் கூர்மையான பகுதி எண்கள் அல்ல. ஐரோப்பியத் துணி வந்து நெசவாளர் வருமானம் சரிந்ததையும், நாட்டின் செல்வம் வெளியேறுவதையும், முன்பு அரசு தந்துவந்த ஆதரவு நின்றதையும் பள்ளிகள் நலிந்ததற்குக் காரணமாக அந்தக் கும்பெனி அதிகாரியே குறிப்பிட்டார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையை இங்கிலாந்து பின்பற்றியது பொருத்தமே என்றும் சொன்னார். அதே மூச்சில், பிள்ளைகள் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்கிறார்கள் என்ற குறையையும் வைத்தார்.

1931 அக்டோபர் 20 அன்று லண்டனில் பேசிய காந்தி, ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இந்தியாவில் இன்று எழுத்தறிவின்மை அதிகம் என்றார். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்ட்டாக் ஆதாரம் கேட்டார். காந்தியின் கையில் இருந்தவை ‘யங் இந்தியா’வில் வந்த கட்டுரைகள். ஹார்ட்டாக்கோ நூலகத்தில் உட்கார்ந்து, அச்சான அறிக்கைகளை ஒவ்வொன்றாக மறுத்து லண்டனில் சொற்பொழிவாற்றி, 1939-இல் நூலாகவும் வெளியிட்டார். அலமாரி யார் பக்கம் இருந்ததோ அவர் பக்கமே வாதமும் வலுவாகத் தெரிந்தது. 1983-இல் தரம்பால், லண்டன் ஆவணங்களையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் வருவாய் வாரியக் கோப்புகளையும் துருவி, ஆட்சியர்களின் விடைகளை முழுமையாக ஒரே நூலில் அச்சிட்டார். காந்தி அந்த லண்டன் பேச்சில் சொன்ன ‘அழகிய மரம்’ என்பதே நூலின் பெயரானது. அதன் பின் கல்லூரி நூலகத்தில் கல்வி வரலாறு தேடும் மாணவருக்குப் பல்லாரியோடு திருநெல்வேலியும் சேலமும் தென்னார்க்காடும் கிடைத்தன. தமிழ் மாவட்டங்களில் சூத்திரரும் மற்றச் சாதியாரும் சேர்ந்து மாணவரில் சுமார் 70 விழுக்காடு முதல் தென்னார்க்காட்டில் 84 விழுக்காடு வரை இருந்தனர் என்பது அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தது. கல்வி முழுதும் பார்ப்பனர் கையில் இருந்தது என்ற பழைய பாடம் அதோடு உடைந்தது. தரம்பாலின் இந்தத் தொண்டைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் ‘சூத்திரர்’ என்று அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டவர் யார்? நிலம் வைத்திருந்த வேளாளர், வணிகம் செய்த செட்டிமார், கணக்கு எழுதிய குடும்பத்தார், கைவினைஞர், கூலிக்கு உழைத்தவர் என எத்தனையோ பேர் அந்த ஒரே கட்டத்தில் அடங்கலாம். மிராசு நிலத்தோடு வாழ்ந்த வேளாளர் மகனையும் ஆட்டு மந்தை மேய்த்தவர் மகனையும் படிவம் ஒன்றாகவே எண்ணியது. பார்ப்பனரல்லாத நிலவுடைமையாளர் படித்தார்கள் என்று நிறுவ இந்த எண் போதும். ஏழை எளியவர் படித்தார்கள் என்று நிறுவ அது போதாது. ‘மற்றச் சாதியார்’ என்ற கட்டம் இன்னும் வழுக்கலானது. அதில் பறையரும் பள்ளரும் இருந்தார்கள் என்று கொள்வோர் உண்டு. எந்த ஊரில் எந்தக் கணக்கன் யாரை அதில் போட்டான் என்பதற்குத் தாளில் விடை கிடையாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். வரிக்கு ஆள் எண்ணுகிறார்கள் என்று அஞ்சி மக்கள் குறைத்துத்தான் சொல்லியிருப்பார்கள், உண்மை எண் இதைவிடப் பெரிது, அடித்தட்டு மக்கள் கட்டாயம் அதில் அடங்குவார்கள் என்பார்கள். குறைத்துச் சொன்னார்கள் என்பதை ஏற்கலாம். ஆனால் விட்டுப்போனவர் எல்லாச் சாதியிலும் ஒரே அளவில் விட்டுப்போனார்கள் என்று எண்ணக் காரணம் இல்லை. வீட்டில் ஆசிரியரை வைத்துப் படிப்பித்தவர்கள்தான் முதலில் கணக்கிலிருந்து தப்பியிருப்பார்கள், அவர்கள் வசதி படைத்தவர்கள். இன்னொரு மறுப்பு இன்னும் கனமானது: 1894-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் எனப்பட்ட தீண்டாமைக்கு உள்ளானோருக்குத் தனிப்பள்ளி தொடங்கும் நிலை வந்ததற்கு, இடைப்பட்ட எழுபது ஆண்டுக் கும்பெனி, சர்க்கார் ஆட்சியின் சீரழிவே காரணம் என்பது. பள்ளிகள் மூடப்பட்டதற்கு அந்தச் சீரழிவு காரணமாகலாம், காம்ப்பெல்லே அதற்குச் சாட்சி. ஆனால் திண்ணைப் பள்ளி நடந்தது ஊர்த் தெருவின் ஒரு வீட்டுத் திண்ணையில். அந்தத் தெருவில் நடக்கவே தடை இருந்தவர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்று ஒரு கட்டத்தின் தலைப்பை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. பெண்கள் விஷயத்தில் படிவம் சற்று வெளிப்படையாகப் பேசுகிறது. படித்த பெண்களில் பலர் கோயில் பணியில் இருந்த தேவதாசியர் என்று சில ஆட்சியர்களே குறித்தார்கள். மலபாரில் மட்டும் முசல்மான் ஆண் மாணவர் 3,196 பேருக்குப் பெண்கள் 1,122 பேர். தமிழ் மாவட்டங்களில் அதற்கு இணை இல்லை. கட்டம் தெளிவாக இருந்த இடத்தில் பொற்காலக் கதையும் இருட்டுக் கதையும் இரண்டுமே தடுமாறுகின்றன.

நூலகத்தில் இந்த எண்களோடு சேர்த்துப் புரட்டவேண்டியது, அந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பதைச் சொல்லும் நூல்களை. செந்தில் பாபு 2022-இல் வெளியிட்ட கணித வரலாற்று நூல் அந்த வழியில் போகிறது. திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடிக்கும் கொன்றைவேந்தனுக்கும் இணையாக ஆண்டுக்கணக்கில் உருப்போடப்பட்டது எண்சுவடி. ஒன்றில் எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. பையன் இவற்றைப் பெருக்கி, கூட்டி, மனதில் நிறுத்தவேண்டும். நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் பாடத்தில் இருந்தன. இந்தப் பின்னங்கள் களத்துமேட்டில் வாரம் பிரிக்கும்போதும், நிலம் அளக்கும்போதும், கடைக் கணக்கிலும் உதவின. அவற்றைக் கையாளத் தெரிந்தவர் கணக்குப்பிள்ளையும் மிராசுதாரும் கடைக்காரரும். தன் பங்கு நெல்லைத் தானே சரிபார்க்க முடியாமல் நின்ற பண்ணையாளுக்கும் அதே கணக்குத்தான் தேவைப்பட்டது. ஆசிரியருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்று மன்றோ எழுதினார். அதையும் சர்க்கார் தரவில்லை, பிள்ளைகளின் வீட்டார்தான் கொடுத்தார்கள்.