குன்னூர் மலையும் கானிங் சீமாட்டியின் தூரிகையும்

குன்னூரிலிருந்து டால்பின்ஸ் நோஸ் செல்லும் மார்க்கத்தில், லாம்ஸ் ராக் பாறைக்கு அண்மையில், கோயமுத்தூர்ச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பதைக் காண வாய்த்த மலைமுகடு ஒன்றுக்கு லேடி கானிங் சீட் என்று இன்றும் பெயர் வழங்குகிறது. அப்பெயருக்குரிய சார்லட் கானிங்கைக் கவர்னர் ஜெனரலின் பத்தினியாக அறிந்தோர் பலர். சித்திரக்காரியாக அறிந்தோர் மிகச் சிலர்.

1817இல் பாரிஸ் நகரில் ஆங்கிலத் தூதரின் மகளாகப் பிறந்து, விக்டோரியா மகாராணியின் அந்தரங்கத் தோழியருள் ஒருவராகப் பல வருஷங்கள் இருந்து, 1856இல் கணவருடன் கல்கத்தா வந்து சேர்ந்த அவர், மறு வருஷமே வடநாட்டில் மூண்ட மாபெரும் கிளர்ச்சியின் காலத்தைக் கடக்க நேர்ந்தது. 1858இல் கானிங் பிரபு அலகாபாத்தில் ராஜ்ய காரியங்களில் மூழ்கியிருக்க, சீமாட்டி சென்னை வழியாக நீலகிரிக்கு வந்து குன்னூரில் தங்கினார். அந்த ஆங்கில ஆட்சியின்மேல் நமக்குள்ள வழக்கு தீராதது. ஆயினும், புத்திரபாக்கியமின்றி, கணவரையும் பிரிந்து, நீர்வர்ணப் பெட்டியையே துணையாகக் கொண்டு மலைமலையாகப் பார்த்துப் பார்த்து வரைந்த அந்த மாதரசியை நினைக்குங்கால் நம் மனம் இளகாமல் இருப்பதில்லை.

அக்காலத்தில் தேயிலை இம்மலைகளை ஆட்கொண்டிருக்கவில்லை. 1830களில் கேத்தியில் பரீட்சார்த்தமாக நட்டுப் பார்த்த அச்செடி, வியாபாரப் பயிராகப் பரவியது 1860களிலும் அதற்குப் பின்னருமே. காப்பித் தோட்டங்கள் சில இருந்தன. எஞ்சிய சரிவுகளில் பெரும்பாலும் சோலைக்காடும் புல்வெளியும் மரப்பெரணியுமாக இருந்த நீலகிரியையே அவர் கண்டார். இன்று சீராகக் கவாத்து செய்த தேயிலைச் செடிகளையே குன்னூரின் இயற்கை அழகு என்று எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, அதற்கு முந்திய மலையைக் கண்ட ஒருவரின் கைச்சித்திரம் எத்துணை அரிய சாசனம்!

குளிர்நாட்டில் பிறந்த கலைஞரை உஷ்ணப் பிரதேசம் வசீகரிப்பது வேறிடங்களிலும் நிகழ்ந்ததுதான். லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் பிறந்து, 1923இல் பிரேசிலில் குடியேறிய லாசர் செகால், 'பனானால்' என்ற ஓவியத்தில் வாழையிலைகளின் அடர்த்திக்கு நடுவே ஒரு கறுப்பின மனிதரின் முகத்தை எழுதினார். குடியேறி அந்நாட்டு மனிதராகவே ஆகிவிட்டவரின் பார்வை அது. கானிங் சீமாட்டியோ, அதிகாரத்தின் விருந்தினராக வந்தவர். மலைகளிலும் விருட்சங்களிலும் புஷ்பங்களிலுமே அவர் கண் பெரிதும் தோய்ந்தது. மனிதரைவிட இயற்கையையே பெரிதும் நோக்கிய இக்குறையை மறைக்க வேண்டுவதில்லை.

1861இல் டார்ஜிலிங்கிலிருந்து திரும்புகையில் தராய்க் காட்டில் பற்றிய ஜுரத்தால், நவம்பர் 18ஆம் தேதி கல்கத்தாவில் அவர் காலமானார். பாரக்பூரில் அடக்கம் செய்யப்பட்டார். இந்தியப் பிரயாணங்களில் அவர் தீட்டிய ஏறக்குறைய 350 நீர்வர்ணச் சித்திரங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றுள் நீலகிரியைச் சேர்ந்தவற்றுக்கு நல்ல பிரதிகளேனும் எடுத்து, உதகையிலோ குன்னூரிலோ பள்ளிப் பிள்ளைகள் சென்று பார்க்கும்படி நிரந்தரமாக வைப்பது நம்மவர் செய்யத்தக்க காரியம்.