மலைச்சரிவின் கல்வீடுகள்

போடிநாயக்கனூருக்கு வடமேற்கே கொட்டகுடி ஆற்றின் போக்கைப் பின்பற்றிச் சென்றால் மலையடிவாரத்தில் குரங்கணி என்னும் சிற்றூர் வரும். அங்கிருந்து ஏறும் செங்குத்தான பாதையின் உச்சியில் இருப்பதுதான், 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் தண்டவாளங்களை அடித்துச் செல்லும்வரை மூணாற்றுத் தேயிலை சிறு ரயிலில் வந்து சேர்ந்து, கம்பிவடத்தின் வழியே கீழே இறங்கிய டாப் ஸ்டேஷன். இந்தப் பாதையின் சரித்திரத்தை ஆங்கிலேயத் தோட்டக்காரர்களிடமிருந்தே தொடங்குவது நம்மவர் வழக்கம். ஆனால், அந்த உச்சியைக் கடந்து மூணாறு வழியாக வடக்கே இறங்கி அஞ்சுநாட்டு மறையூரை அடைகிறவர், பாம்பாற்றங்கரையில் கோவில்கடவுப் பக்கத்துப் பாறைகளின்மேல், கற்பலகைகளைச் சுவர்களாக நிறுத்தி ஒரு பெரும் பலகையைக் கூரையாக ஏற்றிய சிறு அறைகளைக் காண்பார். வடகிழக்கே பழனிமலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை முதலிய இடங்களிலும் இத்தகைய அறைகள் கூட்டங்கூட்டமாக உள்ளன. இவ்விரண்டு பிரதேசங்களுக்கும் தெற்கே நிற்கும் ஏலமலைச் சரிவில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட இவற்றைக் கட்டியவர்கள் யார் என்று விசாரிப்பது அரிதாக இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மறையூர் ஜனங்கள் இவற்றை முனியறை என்பார்கள். முனிவர்கள் தவம் செய்த குகைகள் என்பது அவர்கள் நம்பிக்கை. வேறு இடங்களில் வனவாசம் வந்த பாண்டவர்கள் தங்கிய வீடுகள் என்றும், குள்ள உருவினரான வாலியர் என்ற கூட்டத்தார் கல்மாரிக்கு அஞ்சிக் கட்டிக்கொண்ட இல்லங்கள் என்றும் கதைகள் வழங்குகின்றன. இக்கதைகளை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. யாரோ பெரியவர்கள் வாழ்ந்த இடம் என்ற அச்சமும் பக்தியும் இருந்தவரையில் மாடு மேய்ப்பவனும் விறகு வெட்டுபவனும் அக்கற்களில் கைவைக்கவில்லை; புதையல் இருக்கிறது என்ற பேராசை புகுந்த பிறகுதான் மூடுகற்கள் புரட்டப்பட்டன.

உண்மையில் இவை இறந்தோருக்காக எழுப்பிய கல்லறைகள். பழனிமலையில் உள்ளவற்றை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து எழுதியவர்கள், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவிகளான ஆங்கிலேட், நியூட்டன் ஆகிய இருவர். பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றிய அவர்களுடைய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை தன் வெளியீட்டு வரிசையில் 36-ஆம் எண்ணாக அச்சிட்டது. அட்டையும் மழையும் நிறைந்த காடுகளில் திரிந்து, பெரும்பாலும் முன்பே கலைக்கப்பட்டுக் கிடந்த அறைகளை அளந்து படமெழுதிய அவர்களுடைய உழைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இவை எந்தக் காலத்தவை? கல்லால் ஆனவை ஆதலால் கற்காலத்தவை என்று எண்ணுவது எளிது. ஐரோப்பாவைப் பொறுத்தவரை அது சரியும்கூட. பிரான்சின் மேற்குக் கடற்கரையிலும் அயர்லாந்திலும் நிற்கும் பெருங்கல் சமாதிகள், உலோகத்தை அறியாமல் மெருகிட்ட கற்கோடரிகளோடு வாழ்ந்த புதிய கற்கால உழவர்கள் எழுப்பியவை. அயர்லாந்தின் நியூகிரேஞ்சு கி.மு. 3200-ஐ ஒட்டியது. நம் நாட்டிலும் அத்தகைய கோடரி மக்கள் இருந்தார்கள். வட ஆர்க்காட்டுப் பையம்பள்ளியிலும் கன்னட நாட்டுப் பிரம்மகிரியிலும் அவர்களுடைய குடியிருப்புகள் அகழப்பட்டிருக்கின்றன. ஆனால் அவர்கள் இறந்தோரை வாழ்ந்த வீட்டினருகே குழியில் புதைத்தார்களேயன்றி, இத்தகைய கல்லறைகளை எழுப்பும் வழக்கத்தைக் கைக்கொள்ளவில்லை. 1947-இல் பிரம்மகிரியை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், கற்கோடரி மக்களின் மண்ணடுக்குக்கு மேலே, இரும்பும் கறுப்பு-சிவப்பு மட்கலமும் உடைய வேறோர் அடுக்கு வருவதையும், கல்லறைகள் இந்த இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தவை என்பதையும் காட்டினார். ஆகவே நம் தென்னாட்டுக் கல்லறைகள் இரும்புக் காலத்தின் படைப்புகள்.

வீலர் அவற்றைக் கிறிஸ்துவின் காலத்தை ஒட்டிய சில நூற்றாண்டுகளுக்குள் அடக்கினார். பின்னர் வந்த கரிமக் கணக்கீடுகள் அந்த எல்லையைப் பின்னே தள்ளிக்கொண்டே போகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையின் இரும்புக்குக் கி.மு. 2172 என்றும், தாமிரபரணிக் கரைச் சிவகளையின் இரும்புக்குக் கி.மு. 3345 என்றும் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்திருக்கிறது. கடைசியாகச் சொன்னது 2025-இல் வெளியானது. அறிஞரிடையே அதைப் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை.

காலத்தைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்வது கட்டிய விதம். மலைப்பாறை வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி, வெங்காயச் சருகு போல ஏடு ஏடாகப் பிரியும் இயல்புடையது. அந்த ஏட்டின்மேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, சூடேறிய கல்லில் நீரைக் கொட்டினால் அது விண்டு எழும். இவ்வித்தையைத் தென்னாட்டுக் கல்தொழிலாளர் அண்மைக்காலம் வரையில் கையாண்டு வந்தனர். பெயர்த்த பலகைகளை நிமிர்த்தி நிறுத்தும்போது, ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீளும்படி, மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகத்தின் உருவம் தோன்றுமாறு பொருத்தினார்கள். வெளியிலிருந்து மண் அழுத்த அழுத்த, பலகைகள் உள்ளே சாயாமல் ஒன்றையொன்று தாங்கி இறுகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சுண்ணாம்பு ஒரு பிடியும் இல்லை, ஆணி ஒன்றும் இல்லை. கிழக்குப்புறப் பலகையில் பல இடங்களில் வட்டமான துளை ஒன்று குடைந்திருக்கும். இடுதுளை என்பர் ஆராய்ச்சியாளர். மண்ணைத் தோண்ட முடிந்த இடத்தில் இதே அறை பூமிக்குள் இறங்கிக் கற்பதுக்கையாகி, மேலே கல்வட்டம் சூழ்ந்து நின்றது. தோண்ட இயலாத மலைப்பாறையின்மேல் அது கல்திட்டையாய் வெளியே நின்றது.

மூடுகல்லை ஏற்றப் பல குடும்பங்களின் கைகள் கூடியிருக்க வேண்டும். அவர்களுக்கெல்லாம் சோறு போட ஒருவர் இருந்திருக்க வேண்டும். பிரம்மகிரியின் அறைகளில் ஒரே இடத்தில் பலருடைய எலும்புகள் கிடைத்தன. உடல் சிதைந்த பிறகு எலும்புகளைப் பொறுக்கி வந்து வைத்தார்கள் என்பது வீலருடைய முடிவு. வாலியர் குள்ளராய் இருந்ததால் அறை சிறிதாயிற்று என்ற கதைக்கு இதுவே விடை.

அந்த மனிதர்கள் எங்கிருந்தோ வந்து மறைந்த அந்நிய இனத்தார் என்ற பழைய அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. பழனிக்கு அருகே மலையடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த கற்பதுக்கைகளில் ஆயிரக்கணக்கான மணிகளும், தமிழ் எழுத்துப் பொறித்த மட்கலத் தாங்கியும், நாற்கால் சாடியொன்றில் ஏறக்குறைய 2 கிலோ நெல்லும் கிடைத்தன. அந்நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. நெல் விளைத்து, மணி அணிந்து, எழுத்தறிந்து, இறந்தவர்க்கும் உணவு வைத்தவர்கள் அவர்கள். இறந்தோரைச் சுடுதல், வெளியில் இடுதல், குழியில் புதைத்தல், அறையில் அடைத்தல், தாழியால் மூடுதல் என ஐந்து முறைகளும் ஒரே நகரத்தில் வழங்கியதை மணிமேகலை சொல்கிறது. 1946-இலேயே கே. ஆர். சீனிவாசன், நம் இலக்கியச் சான்றுகளையும் இக்கல்லறைகளையும் இணைத்து ஆராய்ந்து காட்டினார். தேனி மாவட்டத்துக்குள்ளேயே, ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்டவனுக்கு நட்ட கல் பழந்தமிழ் எழுத்தோடு 2006-இல் வெளிப்பட்டது. இறந்தவர்க்குக் கல் எடுக்கும் மரபு எழுத்தையும் பெற்று இம்மண்ணிலேயே தொடர்ந்து வந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

மலைச்சரக்கு சமவெளிக்கு இறங்கிய வழிகளை ஒட்டியே மலைமேல் இக்கல்லறைகள் அமைந்தன என்று கருதுகிறேன். இன்றும் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்திற்குப் பேர்போன சந்தை. அந்தச் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் தோட்டங்களில்தான் கல்லறைகளுக்கு அபாயமும் இருக்கிறது. பலகைகள் வரப்புக்கும் படிக்கட்டுக்கும் ஓடைப்பாலத்துக்கும் தோதானவை. எடுத்துச் செல்ல ஒரு பொழுது போதும். ஏலமலைச் சரிவில் நிலம் உடையவர்களையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் நான் வேண்டிக்கொள்வது இது: நிமிர்ந்து நிற்கும் பலகையோ, கல்வட்டமோ, கறுப்பு-சிவப்பு மட்கலத்தின் துண்டோ கண்ணில் பட்டால் மண்வெட்டியை நிறுத்திவிட்டு வட்டாட்சியருக்குச் சொல்லி அனுப்புங்கள். மண்ணுக்குள் மறைந்து கிடந்து வெளிப்படும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதித்திருக்கிறது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.