மலைமிதிவண்டியும் கோடை விடுமுறையும்

கோடைத் தொடக்கத்தில் குடும்பமாக மலைச்சரிவுகளில் மிதிவண்டி ஓட்டச் செல்லும் வழக்கம், 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் இளைஞர் சிலர் மேற்கொண்ட முயற்சிகளோடு நெருங்கிய தொடர்புடையது. 'பலூன் டயர்' எனப்பட்ட தடித்த டயர்கள் கொண்ட பழைய ஷ்வின் மிதிவண்டிகளைத் தமல்பயஸ் மலைப்பகுதியின் மண்பாதைகளில் ஓட்டிய அவர்கள், 1976இல் ஃபேர்ஃபேக்ஸ் ஊரருகே 'ரீபேக்' என்னும் இறக்கப் பந்தயத்தைத் தொடங்கினர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக், செங்குத்தான அவ்விறக்கத்தில் சூடேறி உள்ளிருந்த கிரீஸ் புகைந்துபோனதால், வலுவான பிரேக்கும் ஏற்றத்துக்கு உதவும் கியரும் தேவைப்பட்டன. அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இதற்கெனவே புதிய சட்டகம் அமைத்தார். 1979இல் அதே குழுவின் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சி அமைத்த சட்டகங்களைக் கொண்டு மலைமிதிவண்டி விற்பனையில் இறங்கினர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்பர்' மலைமிதிவண்டி ஆலை உற்பத்தியாக வெளிவந்தது.

குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களை மேலேற்றும் கம்பிவட நாற்காலிகள், பனி உருகியபின் மிதிவண்டிகளையும் ஏற்றத் தொடங்கியதே இவ்விளையாட்டைக் குடும்பங்களுக்கும் எளிதாக்கியது. கனடாவின் விஸ்லர் போன்ற இடங்களில், பனிச்சறுக்கிலிருந்து பெற்ற முறைப்படி எளிய தடத்துக்குப் பச்சை, இடைநிலைக்கு நீலம், கடினத்துக்குக் கறுப்பு என நிறக்குறியிடப்பட்டதால், சிறுவர்க்கும் பெரியோர்க்கும் ஏற்ற பாதையை முன்கூட்டியே தேர்ந்து பயணத்தைத் திட்டமிட இயன்றது.