ஓடும் மானும் ஒரு முதியவரும்

ஓடும் இலக்கைச் சுடுவது எத்தகைய கலை என்பதை ஒலிம்பிக் வரலாற்றிலிருந்து இன்று காண்போம்.

1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகளில் பெரும்பாலானவை பிஸ்லி என்னும் இடத்தில் நடைபெற்றன. அவற்றுள் ஒன்றில் மான் உருவ இலக்கு ஒன்று, சுடுவோரிடமிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவில், குறுக்கே ஓடியது. 23 மீட்டரை அது 4 விநாடியில் கடந்துவிடும். ஓர் ஓட்டத்துக்கு ஒரே குண்டு.

குண்டு விநாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொள்வோம். அது போய்ச் சேர்வதற்குள் மான் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே மான் வரப்போகும் இடத்தைக் குறிபார்க்க வேண்டும். விசையை இழுக்கும்போதும் துப்பாக்கி மானோடு சேர்ந்தே நகர வேண்டும். நின்றுவிட்டால் குண்டு பின்தங்கும்.

இதில் தங்கம் வென்ற சுவீடன் நாட்டு ஆஸ்கார் சுவானுக்கு அப்போது வயது 60. குழுப் போட்டியிலும் அவர் மகன் ஆல்பிரட்டோடு சேர்ந்து தங்கம் வென்றார். 1912இல், 64ஆம் வயதில், மீண்டும் குழுத் தங்கம். 1920இல், 72ஆம் வயதில், வெள்ளி. ஒலிம்பிக் விளையாட்டுகளில் பதக்கம் பெற்றவர்களுள் இன்றளவும் அவரே மிக மூத்தவர்.

முதுமை கால்களின் விரைவைக் குறைக்கிறது. வரப்போவதை முன்கூட்டிக் கணிக்கும் திறனோ பயிற்சியால் முதிர்கிறது. சுவானின் வெற்றி நமக்குச் சொல்வது இதுவே.