மாசிக்காய்: காயல்லாத ஒரு காயின் வரலாறு

நாட்டு மருந்துக் கடைகளில் மாசிக்காய் என்றொரு சரக்கு உண்டு. மலாய் மக்கள் அதனை மஞ்சகானி என வழங்கி, பிள்ளை பெற்ற தாய்மாருக்கான மருந்துகளில் சேர்ப்பர். சிறு நெல்லிக்காய் அளவில், மேலே முண்டும் முடிச்சுமாய்த் தோன்றும் அது உண்மையில் காயன்று. மேற்கு ஆசியாவில் வளரும் ஓக் மரமொன்றின் கிளையில், மிகச் சிறிய குளவி முட்டையிட்டதால் எழுந்த கழலையே அது. கடுக்காய்ப்பூவும் இத்தகையதே, கடுக்காய் மரத்தின் இலையில் பூச்சியால் உண்டாகும் கழலையைப் பூவென்றே முன்னோர் அழைத்தனர்.

குளவியின் புழுவுக்கு அக்கழலை வீடுமாகும், உணவுமாகும். உள்ளே மென்மையான ஊட்டத் திசு; வெளியே துவர்ப்பு மிகுந்த தடித்த சுவர். அத்துவர்ப்பே மனிதரை ஈர்த்தது. மாசிக்காய்ச் சாற்றுடன் அன்னபேதியும் பிசினும் சேர்த்துச் செய்த கருமையே, இடைக்காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவின் முதன்மையான எழுதுமை. சட்டமும் சமயமும் அறிவியலும் அம்மையால் எழுதப்பட்டன.

துளையுள்ள மாசிக்காய் தரத்தில் தாழ்ந்தது என்பதை வணிகர் அறிந்திருந்தனர். ஆயின், துளையிட்டு வெளியேறிய உயிர் உள்ளே எவ்வாறு வந்தது? இவ்வினா அறிஞரையும் தடுமாறச் செய்தது. இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி 1668இல், மூடிவைத்த இறைச்சியில் புழுத் தோன்றாது எனச் சோதனையால் மெய்ப்பித்தார்; உயிர் தானே தோன்றும் என்ற பழங்கொள்கை அதனால் ஆட்டங்கண்டது. ஆயினும் கழலைப் புழுவை மட்டும் மரத்தின் உயிராற்றலே படைக்கிறது என அவரே நம்பினார். மற்றொரு பொருளில் தாம் தகர்த்த கருத்தை இங்கே அவரே ஏற்றுக்கொண்டார்.

அக்குறையைத் தீர்த்தவர் பொலோனிய மருத்துவர் மார்செல்லோ மல்பீகி. பல நிலைகளில் இருந்த கழலைகளை அறுத்துப் பார்த்து, பூச்சி மொட்டைத் துளைத்து முட்டையிடுவதையும் கண்டு, 1679இல் வெளியிட்டார். நூலில் தேடாமல் மரத்தடியில் நின்று கண்ட விடை அது.

இன்று கழலையுண்டாக்கும் பூச்சியினங்களுள் ஏறத்தாழ 13,000 அறியப்பட்டுள்ளன: குளவி, ஈ, அசுவுணி, இலைப்பேன் எனப் பல குலத்தன. பெரும்பாலானவை ஒரே தாவரத்தையோ அதன் நெருங்கிய உறவையோ மட்டும் நாடுவன. கழலையின் வடிவம் கண்டே பூச்சியின் பெயரைக் கூறிவிடலாம். இத்துறையில் இந்திய அறிஞர் எம். எஸ். மணி 1964இல் எழுதிய தாவரக் கழலைச் சூழலியல் நூல் உலகளவில் மதிக்கப்படுவது.

காய் என்றும் பூ என்றும் நாம் இட்ட பெயர்கள் பிழையாயினும் பயனற்றவை அல்ல. அவை முன்னோர் உற்று நோக்கியதன் சான்று. பெயரோடு நின்றுவிடாமல் உள்ளே அறுத்துப் பார்ப்பதே மாணவரின் கடமை. பள்ளி வளாகத்து இலையொன்றில் புடைப்பு இருப்பின், அதனை நோயென்று கிள்ளி எறியாதீர். மல்பீகியின் வினா அங்கே காத்திருக்கிறது.